சுவிட்ச் இங்கே... சாம்பல் அங்கே! சென்னையின் பாரத்தைச் சுமக்கும் அத்திப்பட்டு

சாயங்காலம் ஆறரை மணி. ஆபீஸ் விட்டு, பஸ்ஸில் இடிபட்டு, வீடு வந்து சேர்ந்ததும் முதலில் கை எங்கே போகிறது? சுவிட்ச் போர்டுக்கு! விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. வசதியுள்ள வீட்டில் ஏ.சி.யும் ஓடுகிறது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஓட்டல் எல்லாம் ஜெகஜ்ஜோதி!

இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று யாரு யோசிக்கிறாங்க? பில் வரும்போது கொஞ்சம் யோசிப்பதோடு சரி.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு மூர்மார்க்கெட் காம்ப்ளெக்சில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டி ஏறிப் பாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்... எண்ணூர் தாண்டியதும் வண்டி தடதடவென்று ஒரு பாலத்தில் ஏறும். கீழே அகலமான தண்ணீர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கப் போகும் இடம் அது. பாலம் முடிந்ததும் வரும் ஸ்டேஷன் அத்திப்பட்டு புதுநகர். அதற்கு அடுத்தது அத்திப்பட்டு.

வானத்தை முட்டும் புகைபோக்கிகள் வண்டியிலிருந்தே தெரியும். உங்கள் வீட்டு சுவிட்சின் அடுத்த முனை அங்கேதான் இருக்கிறது.

படத்தில் வந்த ஊரா?

அத்திப்பட்டு என்றதும் சினிமா ரசிகர்களுக்கு 2001-ல் அஜீத் நடித்து வந்த "சிட்டிசன்" ஞாபகம் வரும். வரைபடத்திலிருந்தே காணாமல் போன கிராமத்தின் கதை. அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். இது அத்திப்பட்டு, நிஜ ஊர். திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூருக்குப் பக்கத்தில், சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது.

ஆனால் வரைபடத்திலிருந்து காணாமல் போகும் சங்கதி இங்கேயும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க உப்பளமும், வயலும், கழிமுகமும்தான். எண்ணூரில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காற்று வாங்கப் பங்களா கட்டிக் கொண்டு உல்லாசமாக இருந்தார்கள் என்று சொன்னால், இன்றைக்கு அந்த வழியாக மூக்கைப் பொத்திக் கொண்டு போகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

வட சென்னை அனல் மின் நிலையம் இங்கே 1994-ல் உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் 210 மெகாவாட் யூனிட் மூன்று. 2013, 2014-ம் ஆண்டுகளில் 600 மெகாவாட் யூனிட் இரண்டு சேர்ந்தன. 2024 மார்ச் 7-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 800 மெகாவாட் யூனிட் ஒன்றைத் தொடங்கி வைத்தார். ஆக மொத்தம் 2,630 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் தேசிய அனல் மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய நிலையம் இன்னொரு 1,500 மெகாவாட். கூட்டினால் 4,130!

கோடையில் சென்னையின் மின்தேவை 4 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டுகிறது. (வல்லூர் கரண்ட்டில் பக்கத்து மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. எல்லாம் சென்னைக்கே என்று சொல்லிவிட முடியாது.) ஆனாலும் ஒரு மாநகரம் முழுவதும் எரிக்கும் அளவு மின்சாரம், சில மைல் சுற்றளவுக்குள் தயாராகிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்த நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் எண்ணூர் துறைமுகமே கட்டினார்கள். 2001-ல் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். இப்போது அதற்குக் காமராஜர் பெயர். ஒடிசா நிலக்கரி, பாரதீப்பில் கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி நேராக அனல் நிலையத்துக்குப் போகிறது.

அரை மூட்டை சாம்பல்!

இனி ஒரு கணக்கு. கடைக்காரர்களுக்குக் கணக்குப் போடச் சொல்லித் தர வேண்டாம்!

ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். அதில் கிளம்பும் கரியமில வாயு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான்.

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிறது அல்லவா? அந்த 100 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்று வைத்துக் கொள்வோம். எரிந்தது 70 கிலோ நிலக்கரி. வானத்துக்குப் போனது 90 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. மிச்சம் விழுந்தது சுமார் 25 கிலோ சாம்பல். அதாவது அரை சிமெண்ட் மூட்டை!

ஒரு வீட்டுக்கு அரை மூட்டை. உங்கள் தெருவில் எத்தனை வீடு? உங்கள் வார்டில் எத்தனை தெரு? பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எல்லா யூனிட்டும் முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 2,500 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். சரக்கு ரயில் கணக்கில் 40 வாகன்! நீங்கள் சாப்பிட்டு, டி.வி. பார்த்து, படுக்கப் போவதற்குள் ரயில் ரயிலாக நிலக்கரி சாம்பலாகிவிடும்.

அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகத் தள்ளுகிறார்கள். ஆற்றைத் தாண்டிப் போய், செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்தில் அது விழ வேண்டும். (கிரிக்கெட் மைதானம் இருக்கும் சேப்பாக்கம் வேறு, இது வேறு. அங்கே சிக்சர் பறக்கும்; இங்கே காற்றடித்தால் சாம்பல் பறக்கும்.)

விழ வேண்டும் என்று சொன்னோம். விழுந்ததா? குழாய் பல இடங்களில் உடைந்து, வருஷக்கணக்கில் சாம்பல் குழம்பு ஆற்றிலேயே கொட்டியது. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றி, பழையபடி சீராக்க வேண்டியது மின்வாரியத்தின் பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொன்னது.

ஆற்றில் கொட்டிய சாம்பல் மீனுக்கு மட்டுமா எமன்? இங்கேதான் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒவ்வொரு வட சென்னைவாசியும் காதைக் கொஞ்சம் தீட்டிக் கொள்ள வேண்டும்.

வடிகால் 769 கிலோமீட்டர்... வாசல் ஒன்றே ஒன்று!

வட சென்னையில் மழைநீர் தேங்காமலிருக்கக் கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதியில் மாநகராட்சி பெரிய வடிகால் திட்டம் போட்டது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் உதவியோடு 3,220 கோடி ரூபாய் மதிப்பில், 769 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளில் தெருத்தெருவாகத் தோண்டினார்களே, அதுதான்! பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்து எழுந்தவர்களுக்கு மறந்திருக்காது.

நல்ல திட்டம். வேண்டிய திட்டம். ஆனால் அந்தக் கால்வாய்த் தண்ணீர் எல்லாம் கடைசியில் எங்கே போகும்? கொசஸ்தலைக்குப் போகும், பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும், முடிவில் எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேரும். பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிடும் வெள்ளமும் இதே வாசலுக்குத்தான் வருகிறது. கலியாண வீட்டில் ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டு ஒரே கதவு வழியாக வெளியே வருகிற மாதிரி!

அந்தக் கதவில் சாம்பல் படிந்து மேடு தட்டினால்? ஓரத்தில் இருக்கும் சதுப்பு நிலத்தை மண் கொட்டித் தூர்த்து நிலக்கரிக் கிடங்கும் எண்ணெய்க் கிடங்கும் கட்டினால்? கதவு பாதி சாத்திக் கொண்டது என்றுதானே அர்த்தம்! மேலே 769 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி என்ன பிரயோசனம்?

கழிமுகம் என்பது சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை. வெள்ளம் வரும்போது பரந்து விரிந்து தண்ணீரை வாங்கி வைத்துக் கொண்டு, கடல் வற்றும்போது மெல்ல வெளியே விடும் இயற்கைத் தொட்டி அது. கடல் பொங்கினாலும் அதுதான் முதல் அடியை வாங்கிக் கொள்ளும். கடல் மட்டம் வருஷா வருஷம் ஏறிக் கொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கடல் ஏறினால் மழைநீர் வடிவது இன்னும் தாமதமாகும். அப்போது இந்தத் தொட்டியின் மதிப்பு இரண்டு மடங்கு.

இன்னொரு ரகசியமும் இருக்கிறது. கழிமுகத்துச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சேற்றுக்குள் புதைத்து வைக்கும் சாமர்த்தியம் படைத்தவை. சேற்றைக் கிளறாத வரைக்கும் அது அங்கேயே கிடக்கும்.

கூத்தைப் பாருங்கள்! கரியமில வாயுவைக் கக்குகிற புகைபோக்கியும், அதை விழுங்குகிற சேறும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். புகைபோக்கி வளர்கிறது... சேறு சுருங்குகிறது!

காணாமல் போன 6,500 ஏக்கர்

சினிமா கதைக்கு இப்போது வருவோம்.

1996-ல் மத்திய அரசு அங்கீகரித்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் ஏறத்தாழ 6,500 ஏக்கர் இருந்தது. கட்டடம் கட்டக்கூடாத பகுதி. பிறகு இன்னொரு வரைபடம் கிளம்பியது. அதில் ஆறே இல்லை என்று 2017-ல் பெரிய சர்ச்சை வெடித்தது. "ஆற்றைக் காணோம்" என்று போலீசில் புகார் கொடுக்க முடியுமா? மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் போராடினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் விடியற்காலையில் எண்ணூருக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது நினைவிருக்கும்.

வரைபடத்தில் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீருக்குத் தன் இடம் தெரியும். 2023 டிசம்பரில் அது காட்டியது.

மிச்சாங் புயல் சென்னையை உலுக்கிய அந்த மூன்று நாள் ஊருக்கே தெரியும். வேளச்சேரி படமும் பள்ளிக்கரணை படமும் டி.வி.யில் ஓடிக் கொண்டிருந்தபோது, எண்ணூரில் வெள்ளத்தோடு கறுப்பாக ஒன்று வந்தது. எண்ணெய்! மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த அந்த எண்ணெய், கழிமுகத்தையும் கடலையும் மூடியது. படகு, வலை, அலையாத்தி வேர், நாரையின் இறக்கை, வீட்டுச் சுவர் எல்லாம் ஒரே பிசுபிசுப்பு. ஆரம்பத்தில் பக்கெட்டும் கையுமாக அள்ளியவர்கள் மீனவர்கள்தான். 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் அரசு நிவாரணம் அறிவித்தது. ஒரு எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்யவே எவ்வளவு ஆகும் என்று படகு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்!

அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். புயல், எண்ணெய், வாயு... ஒரே மாதத்தில் மூன்று! 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும் சேர்த்தால் இந்தக் கரைக்கு எத்தனை கண்டம்!

போதாதென்று கழிமுகத்தின் அடியில் புதிதாக ஒரு சனியன் குடியேறியிருக்கிறது. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் "காக்கா ஆழி". கறுப்பு நிறச் சிப்பி. அமெரிக்கக் கண்டத்துக் கரையைச் சேர்ந்தது. கப்பல் சுமந்து வந்த தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். ஜமுக்காளம் விரித்த மாதிரி தரை முழுக்க ஒட்டிக் கொள்கிறது. இறால் மேயும் சேறு அதற்கடியில் போய்விடுகிறது. சேற்றில் கைவிட்டு இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் பெண்களுக்குக் கையைக் கிழித்துவிடுகிறது.

அனல் நிலையத்திலிருந்து சூடாக வெளியேறும் தண்ணீர் வேறு! மீன் எப்படித் தங்கும்?

தூசி வடக்கே போகும் வழக்கம்

சென்னை மாநகராட்சி 2023-ல் "காலநிலைச் செயல் திட்டம்" என்று ஒன்றை வெளியிட்டது. 2050-க்குள் நகரம் வெளியிடும் கரியமில வாயுவும், உறிஞ்சப்படும் வாயுவும் சரிக்குச் சரியாக வேண்டும் என்பது குறிக்கோள். 2018-19-ல் சென்னை வெளியிட்டது ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் டன். அதில் 71 சதவீதம் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் ஆனது. வண்டி வாகனம் 16 சதவீதம்தான். குப்பை 13 சதவீதம்.

பஸ் புகையைத்தான் பெரிய எதிரி என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். கணக்கைப் பார்த்தால் நம் வீட்டு ஏ.சி.யும் கடை விளக்கும்தான் பெரிய புள்ளிகள்!

2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. புகை இல்லை, சத்தம் இல்லை, ஏறுவதற்குப் படி தாழ்வு. வரவேற்க வேண்டிய விஷயம். தெருவில் நிற்கிறவனுக்கு மூச்சு முட்டாது. ஆனால் ராத்திரி அந்த பஸ் பேட்டரிக்கு ஏறும் கரண்ட்? அதில் பெரும்பங்கு நிலக்கரிக் கரண்ட் என்றால், அண்ணா சாலையில் விட வேண்டிய புகையில் ஒரு பங்கை அத்திப்பட்டில் விடுகிறோம் என்றுதான் பொருள்.

இது புதுசும் இல்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்ட காலத்தில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. வழக்கு நடந்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அந்தத் தூசிச் சரக்கெல்லாம் எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது. நியாயமான தீர்ப்பு. ஆனால் தூசி குறையவில்லை, விலாசம்தான் மாறியது.

குப்பைக்கும் அதே கதை. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டாம் என்று 2025 மே மாதம் வட சென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலி அமைத்து நின்றார்கள். எரிப்பதென்றால் எங்க பக்கம்தானா என்பது அவர்கள் கேள்வி. கேட்பதில் தப்பில்லை.

மாநகராட்சித் திட்டம் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. அத்திப்பட்டு எல்லைக்கு வெளியே. மின் நிலையம் மின்வாரியத்தின் கையில். துறைமுகம் மத்திய அரசின் கையில். கழிமுகம் வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வனத்துறை என்று பல கைகளில். ஆற்று வாயில் அடைத்தால் யாரைக் கேட்பது? இதைத் தீர்க்காமல் 2050-க்கு எத்தனை திட்டம் போட்டாலும் வட சென்னைத் தெருவில் முழங்கால் தண்ணீர் வடியப் போவதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

மூடிவிட்டால் போச்சா?

"அப்போ அனல் நிலையத்தை இழுத்து மூடிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல்! கோவையில் பட்டறைகள் தூங்கின. ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் மாவு மில்காரர் வரை டீசல் ஜெனரேட்டர் வாங்கி நொந்து போனார்கள். அந்தக் கஷ்டம் தீர்ந்ததில் அத்திப்பட்டுக்கும் வல்லூருக்கும் பங்கு உண்டு. அங்கே வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். மறக்கக் கூடாது.

டெல்லியில் பதர்ப்பூர் அனல் நிலையத்தை 2018 அக்டோபரில் மூடினார்கள். பிரிட்டனில் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. நிலக்கரியை உலகத்துக்கே கற்றுக் கொடுத்த தேசம் அது! மாற்று ஏற்பாடு செய்து கொண்டு படிப்படியாகத்தான் அவர்களும் மூடினார்கள்.

நம்மிடம் மாற்று இல்லையா? காற்றாலையில் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல், சூரிய சக்தியில் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தமிழ்நாட்டில் நிறுவியாகிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறான். நாமோ அப்போதுதான் வீட்டுக்கு வருகிறோம்! காற்று ஆடியில் அடிக்கும், மாசியில் அடிக்காது. ஆக சாயங்காலம் 6 முதல் 10 வரை அத்திப்பட்டு நெருப்புதான் கைகொடுக்கிறது.

இதற்கும் வழி உண்டு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலேயே கட்டிய 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை வரும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். மொட்டை மாடித் தொட்டி மாதிரிதான்! நீலகிரி குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் திட்டத்துக்குப் பல வருஷமாக வேலை நடக்கிறது. பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரி விளக்கெரிக்கும் இந்த மாதிரி வேலைகள் வேகம் பிடித்தால்தான் அத்திப்பட்டின் 30 வயதைத் தாண்டிய பழைய 210 மெகாவாட் யூனிட்டுகளுக்கு ஓய்வு கொடுக்க முடியும்.

கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் கூரைகளில் 1.5 மெகாவாட் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனின் பகல் நேர மின்தேவை முழுவதும் அதிலேயே கிடைக்கிறது. தினமும் அதற்கடியில்தான் ஓடுகிறோம். அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? சொந்த வீடு உள்ளவர்களுக்கு 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வது? அதற்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை. சென்னையில் பாதிப் பேர் வாடகைக் குடித்தனம் என்பது டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது!

சாம்பலுக்கும் மவுசு உண்டு. வீடு கட்டுகிறவர்கள் வாங்கும் பி.பி.சி. சிமெண்ட் மூட்டையில் 35 சதவீதம் வரை அனல் நிலையச் சாம்பல் கலக்கலாம் என்று விதி இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு போகிறது. அதற்குப் பதிலாகச் சாம்பல் போட்டால் அவ்வளவும் மிச்சம். சாம்பல் செங்கல்லும் அப்படித்தான். வயல் மண்ணை வெட்டிச் சூளை வைக்க வேண்டாம். ஆற்றில் கொட்டினால் விஷம். லாரியில் ஏற்றினால் காசு. தார்ப்பாய் போட்டு மூடி ஏற்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

எண்ணூர் பழைய அனல் நிலையம்

கடைசியாக ஒரு செய்தி. பாலத்துக்கு இந்தப் பக்கம், 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்ததே, 450 மெகாவாட்! எம்.ஜி.ஆர். படம் பார்க்க எண்ணூரிலிருந்து திருவொற்றியூருக்கு வந்த தலைமுறை, அதன் சங்கு சத்தத்தை வைத்து மணி பார்த்தது. வயதாகி, தேய்ந்து, 2017 மார்ச் 31-ந் தேதி அதை நிறுத்திவிட்டார்கள். எர்ணாவூர், கத்திவாக்கம் மொட்டை மாடிகளில் வடகம் காயப்போட ஆரம்பித்தார்கள்.

இப்போது அதே வளாகத்தில் 660 மெகாவாட்டில் புது அனல் நிலையம் கட்ட மின்வாரியம் முயற்சி எடுத்தது. 2024 டிசம்பர் 20-ந் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மைக் பிடித்தவர்களில் பலர் அந்தப் பழைய புகையில் வளர்ந்தவர்கள். கொசஸ்தலை, சாம்பல், ஆஸ்துமா, எண்ணெய் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். "வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.